பனியுகம் மூடாத தீவு: ரேங்கலில் ஏன் இத்தனை செடிகள்?

ஆர்க்டிக் வரைபடத்தில் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, நார்வேயின் ஆட்சியில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அதன் பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் மேற்குக் கரையை ஒட்டிப் போவதால், அந்த அட்சரேகையில் வேறெங்கும் காண முடியாத அளவுக்குக் குளிர் தணிந்த இடம் அது. அங்கே இயற்கையாக வளரும் பூக்கும் செடிகளையும் பெரணி வகைகளையும் சேர்த்து எண்ணினாலும் 200ஐ எட்டாது. இன்னொன்று, ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோட்கா கரைக்கு அப்பால் இருக்கும் ரேங்கல் தீவு. அதன் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டர். ஸ்வால்பார்டில் எட்டில் ஒரு பங்குதான். அதன் கடற்கரையில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலையே 3 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் அங்கே 417 தாவர இனங்களும் துணையினங்களும் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 23 உலகில் வேறெங்கும் இல்லை.

ஸ்வால்பார்ட் இன்னும் வடக்கே இருக்கிறது, அதன் நிலத்தில் பாதிக்கு மேல் இன்றும் பனியாறுகள் மூடிக் கிடக்கின்றன என்று ஒருவர் சொல்லலாம். அது சரியான வாதம்தான். ஆனால் வேறு இடங்களோடு ஒப்பிட்டாலும் கேள்வி கரைந்துவிடுவதில்லை. இதே அளவுள்ள எந்த ஆர்க்டிக் தூந்திரா நிலத்தையும்விட (தூந்திரா என்பது மரங்கள் வளராத உறைநிலம்) ரேங்கலில் இருமடங்குச் செடிகள் உள்ளன என்பது, 2004இல் யுனெஸ்கோ இத்தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது எடுத்துக்காட்டிய காரணங்களில் ஒன்று. குளிரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இதற்கு விடை கிடைக்காது. விடை நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஓர் ஆர்க்டிக் தீவின் தாவரப் பட்டியலைப் படிப்பது என்பது, அந்த நிலம் 20,000 ஆண்டுகளுக்கு முன் என்னவாக இருந்தது என்பதைப் படிப்பதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு ரேங்கலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதலில் இடம். தீவு 71 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. 180ஆவது தீர்க்கரேகை அதன் குறுக்கே ஓடுகிறது. ஆகவே தீவின் ஒரு பகுதி கிழக்கு அரைக்கோளத்திலும் மறுபகுதி மேற்கு அரைக்கோளத்திலும் அமைந்திருக்கிறது. மேற்கே கிழக்கு சைபீரியக் கடல், கிழக்கே சுக்சி கடல். தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் அகலமுள்ள லாங் நீரிணை, அதற்கப்பால் ஆசியப் பெருநிலம். கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, செங்குத்துப் பாறைகளோடு எழுந்து நிற்கும் ஹெரால்ட் என்ற குட்டித் தீவு. வடக்கே சொல்ல எதுவும் இல்லை. அங்கிருந்து துருவம் வரை கடலும் பனியும்தான்.

தீவின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. மிக உயர்ந்த சிகரமான சோவியத்ஸ்கயா 1,096 மீட்டர் உயரம். மலைத்தொடருக்கு வடக்கே ஈரம் தேங்கி நிற்கும் பரந்த சமவெளி; தெற்கே குறுகலான கரையோர நிலம். கடற்கரைகள் கோடையிலும் மூடுபனிக்குள்தான் இருக்கும். உருகும் கடற்பனியின் மேல் வீசி வரும் காற்று வெயிலை உள்ளே விடுவதில்லை. ஆனால் மலைகளுக்கு இடைப்பட்ட உட்பள்ளத்தாக்குகளின் கதை வேறு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது ஈரத்தை இழந்து, மறுபக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகிறது. மூடுபனி அங்கே எட்டுவதில்லை. அதனால் கரையில் உள்ளதைவிடப் பல டிகிரி கூடுதலான கோடை அந்தப் பள்ளத்தாக்குகளுக்குக் கிடைக்கிறது. கரையில் தரையோடு தரையாக ஊர்ந்து கிடக்கும் வில்லோ இனங்கள், உள்ளே ஆற்றோரங்களில் தலைதூக்கிப் புதர்களாக நிற்கின்றன. நம் ஆற்றங்கரைகளில் மரமாக வளரும் ஆற்றுப்பாலையும் இதே சாலிக்ஸ் இனக்குழுவைச் சேர்ந்ததுதான். ஒரே குழுவின் ஒரு கிளை நிழல் தரும் மரமாகவும், இன்னொரு கிளை விரல் உயரத்துக்கு மேல் எழ முடியாத கொடியாகவும் ஆனதற்குக் காற்றும் குளிரும்தான் காரணம்.

பாறை வகைகளையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தீவின் நடுப்பகுதியில் மிகப் பழைய உருமாறிய பாறைகள். அவற்றின் மேல் சுண்ணாம்புக்கல் அடுக்குகள். பிறகு டிரையாசிக் என்ற பழைய நிலவியல் காலத்து மணற்கல்லும் களிப்பாறையும். சுண்ணாம்பு மண்ணை விரும்பும் செடிகளும் அமில மண்ணை விரும்பும் செடிகளும் சில கிலோமீட்டர் இடைவெளியில் தனித்தனி உலகங்களாக வாழ்கின்றன. ஒரே அளவுள்ள இரண்டு தீவுகளில், ஒன்றில் ஒரே வகைப் பாறையும் மற்றொன்றில் ஐந்து வகைப் பாறைகளும் இருந்தால், இரண்டாவதில் செடிகள் அதிகம் இருப்பதில் வியப்பில்லை.

ஒரு சரிவை மேலிருந்து கீழே பார்த்தால் இது இன்னும் விளங்கும். உச்சியில் காற்று பனியைத் துடைத்தெடுத்துவிடும் சரளைக்கல் முகடு. குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ளப் பனிகூட இல்லாத இடம் அது. அங்கே டிரையாஸ் செடிகள் தோல் போன்ற சிற்றிலைகளோடு பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். எட்டு இதழ் வெள்ளைப் பூக்கள் அந்தப் பாயின் மேலேயே பூக்கும். அருகே, உள்ளங்கை அகலத்தில், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்சிட்ரோபிஸ் செடிகள் திண்டுகளைப் போல் உருண்டு கிடக்கும். அப்படி நெருங்கிக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. நெருக்கமான இலைகளுக்கு நடுவே காற்று நுழைவதில்லை. வெயில் பட்டால் அதன் உட்புற வெப்பம் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி உயரும். பழுத்து உதிரும் இலைகளும் அங்கேயே சிக்கி மட்கி, அந்தச் செடிக்கே உரமாகின்றன. வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனை இழுத்துத் தருகின்றன. நைட்ரஜன் பஞ்சம் நிலவும் ஆர்க்டிக் மண்ணில் இது பெருஞ்செல்வம்.

சற்றுக் கீழே இறங்கினால், நிலம் திட்டுத்திட்டாக மாறுகிறது. நிரந்தர உறைபனிக்கு மேலுள்ள மெல்லிய மண் அடுக்கு ஆண்டுதோறும் உறைந்து, விரிந்து, உருகி, மறுபடி உறைகிறது. இந்த இழுபறியில் களிமண் மேலே பிதுங்கி வந்து வட்ட வட்டமாக மொட்டைத் தரையை உண்டாக்குகிறது. வட்டத்தின் நடுவில் எந்த வேரும் நிலைப்பதில்லை. ஓரங்களில்தான் கோரையும் பாசியும் டிரையாஸும் வரம்பு கட்டியதுபோல் வளர்கின்றன. இன்னும் கீழே, சரிவின் அடிவாரத்தில், காற்று அள்ளி வந்து குவித்த பனி ஜூலை வரை கிடக்கும். அந்தப் பனிமேட்டின் விளிம்பில் வளரும் செடிகளுக்குக் குளிர்காலம் முழுவதும் நல்ல போர்வை உண்டு. ஆனால் பூத்துக் காய்க்கச் சில வாரங்களே கிடைக்கும். அதற்கும் கீழே, உருகிய நீர் வழியும் இடத்தில், பருத்திப்புல் வெள்ளைக் குஞ்சங்களை ஆட்டிக்கொண்டு நிற்கும். மொத்தத்தில் சில நூறு மீட்டர் தூரம். இதற்குள் நான்கு வகை வாழிடங்கள் வந்துபோகின்றன.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவை பல்லாண்டு வாழ்பவை. ஒரே கோடையில் முளைத்து, பூத்து, விதையிட்டு முடிக்கும் அவகாசம் இங்கே கிடையாது. இந்த ஆண்டு பூக்கப்போகும் மொட்டைச் சென்ற ஆண்டே உருவாக்கி, பனிக்கடியில் பத்திரப்படுத்தி வைக்கும் இனங்கள் ஏராளம். ஊதாநிறச் சாக்சிஃப்ராகா பனி விலகிய சில நாட்களிலேயே பூத்துவிடுவது இதனால்தான். சில செடிகள் விதையையே நம்புவதில்லை. பிஸ்டார்ட்டா விவிபரா என்ற செடி தன் பூந்தண்டின் மேல்பகுதியில் பூக்களையும், கீழ்ப்பகுதியில் சிறு குமிழ்களையும் தாங்குகிறது. குமிழ் தரையில் விழுந்தால் வேர்விட்டுத் தாய்ச்செடியின் நகலாகவே வளரும். மகரந்தம் சுமக்க ஈ வரவில்லை என்றாலும் கவலையில்லை.

கசகசாவின் நெருங்கிய உறவான ஆர்க்டிக் பாப்பியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் நிறக் கிண்ணம் போன்ற அதன் பூ, சூரியன் அடிவானத்தைச் சுற்றி வரும்போது தானும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. நடுக்கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை என்பதால் இந்தத் திருப்பம் நாள் முழுவதும் நடக்கிறது. கிண்ண வடிவ இதழ்கள் ஒளியை நடுவில் உள்ள சூலகத்தின் மேல் குவிக்கின்றன. இதனால் பூவின் உட்புறம் சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. விதை விரைவாக முற்றுகிறது. குளிர்காய வரும் சிறு ஈக்கள் அப்படியே மகரந்தத்தையும் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் செய்த அளவீடுகளை வைத்து, 1975இலேயே இது ஆய்விதழில் வெளிவந்தது. ரேங்கல் தீவில் பாப்பிகள் ஒன்றல்ல, பல இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. சில, பெருநில இனங்களிலிருந்து விலகி உருவானவை. சில, அண்மைக் காலத்தில் இரண்டு இனங்கள் கலந்து பிறந்தவை. ஒரு தீவுக்குள் புதிய இனங்கள் உருவாகும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இந்த மஞ்சள் பூக்களே சாட்சி.

இதற்குப் பிறகும் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. உட்பள்ளத்தாக்கின் வெப்பமும் பாறை வகைகளும் செடிகள் வாழ இடம் தருகின்றன, சரி. அந்தச் செடிகள் அங்கே வந்ததும், வந்தவை அழியாமல் இருந்ததும் எப்படி?

1937இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் எரிக் ஹுல்டன் இதற்கான சாவியைக் கண்டெடுத்தார். கம்சட்காவிலும் அலூசியன் தீவுகளிலும் செடி சேகரித்தவர் அவர். ஒவ்வோர் இனமும் எங்கெங்கே வளர்கிறது என்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனபோது, பல இனங்களின் பரவல் எல்லைகள் பெரிங் நீரிணையை நடுவாகக் கொண்டு, கிழக்கிலும் மேற்கிலும் சமமாக விரிவதைக் கவனித்தார். இன்று கடல் இருக்கும் இடம் ஒரு காலத்தில் நிலமாக இருந்திருந்தால் மட்டுமே இது நடக்கும். பனியுகத்தில் வறண்டு வெளியே தெரிந்த அந்த நிலத்துக்கு அவர் பெரிஞ்சியா என்று பெயரிட்டார். இருபுறமும் பனிப்பாளங்கள் நிலத்தை விழுங்கியபோது செடிகளும் விலங்குகளும் அங்கே தங்கிப் பிழைத்தன, பனி விலகியபின் அங்கிருந்தே மீண்டும் பரவின என்பது அவர் முன்வைத்த கருத்து. நிலவியலாளர்கள் கடலடி மண்ணைத் தோண்டிப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, செடிகளின் முகவரிகளை மட்டும் வைத்து ஒருவர் மூழ்கிய நிலத்தை வரைந்துவிட்டார். தாவரவியலின் ஆகப் பெரிய துப்பறியும் வேலைகளில் இதையும் சேர்ப்பேன்.

அவர் சொன்னது இன்று நிலைபெற்ற அறிவியல். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும் பங்கு பனிப்பாளங்களாக நிலத்தில் முடங்கியிருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு உள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுக்சி கடலின் பெரும்பகுதி 50 மீட்டர் ஆழம்தான். ஆகவே அங்கே கடலே இல்லை. ஆசியாவிலிருந்து அலாஸ்கா வரை, வடக்கு தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் ஒரு பரந்த சமவெளி கிடந்தது. இன்றைய ரேங்கல் தீவு அந்தச் சமவெளியின் வடபகுதியில் எழுந்து நின்ற ஒரு மலைக்கூட்டம்.

இவ்வளவு குளிரில் அந்தச் சமவெளியை மட்டும் பனி ஏன் மூடவில்லை? பனிப்பாளம் உருவாகக் குளிர் மட்டும் போதாது. பனியாகப் பொழிவதற்கு ஈரம் வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்த ஈரக்காற்று, ஸ்காண்டிநேவியாவையும் அதைச் சுற்றியும் கிடந்த பனிப்பாளங்களின் மேலேயே தன் ஈரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டது. சைபீரியாவைக் கடந்து பெரிஞ்சியாவுக்கு வந்து சேர்ந்தது வெறும் வறண்ட குளிர்தான். வடக்கே ஆர்க்டிக் கடல் பனியால் மூடிக் கிடந்தது. தெற்கே பசிபிக் இன்னும் விலகிப் போயிருந்தது. ஸ்காண்டிநேவியாவும் கனடாவும் கிலோமீட்டர் கணக்கான பனிக்கடியில் நசுங்கிக் கிடந்த அதே நேரத்தில், அவற்றின் நடுவே இந்த வறண்ட நிலம் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரேங்கலின் செடிகளுக்கு வறட்சிதான் உயிர் காத்தது.

அந்த நிலத்தில் என்ன வளர்ந்தது என்பதில் நீண்ட நாள் சண்டை உண்டு. மாமூத் யானை, குதிரை, காட்டெருமை என்று பெரிய விலங்குகளின் எலும்புகள் பெரிஞ்சியா முழுவதும் கிடைக்கின்றன. இவ்வளவு வயிறுகளை நிரப்பிய இடம் செழிப்பான புல்வெளியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அலாஸ்காவின் டேல் கத்ரி வாதிட்டார். ஏரிச்சேற்றில் படிந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்த லெஸ் சுவினரும் ஜேம்ஸ் ரிச்சியும் 1980இல், அது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி முளைத்த வெற்றுநிலம் என்றனர். எலும்பு ஒன்று சொல்கிறது, மகரந்தம் வேறொன்று சொல்கிறது. உறைநிலத்தில் தங்கியிருந்த பழைய மரபணுக்களைப் படித்த பெரிய ஆய்வு ஒன்று 2014இல் வந்தபின் படம் சற்றே தெளிந்தது. புல்லோடு கூடவே, புரதம் நிறைந்த சிறு பூச்செடிகள் நாம் நினைத்ததைவிட மிக அதிகமாக இருந்திருக்கின்றன. பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடிகள் காற்றில் மகரந்தத்தை அதிகம் பறக்கவிடுவதில்லை. அதனால்தான் மகரந்தக் கணக்கில் அவை காணாமல்போயின.

இந்தச் சண்டையில் ரேங்கல் தீவின் பங்கு சிறியதல்ல. ரஷ்யத் தாவரவியலாளர் போரிஸ் யூர்த்செவ், அந்தப் பழைய நிலத்தின் எச்சங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றார். ரேங்கலின் உட்பள்ளத்தாக்குகளில், தெற்கு நோக்கிய வறண்ட சரிவுகளில், தூந்திராச் செடிகளும் புல்வெளிச் செடிகளும் கலந்து வாழும் சிறு சிறு திட்டுகள் உண்டு. வறண்ட மண்ணில் வளரும் கோரைகள், கொத்துக் கொத்தான புற்கள், நம் மரிக்கொழுந்தின் இனக்குழுவான ஆர்ட்டிமீசியாவின் குளிர்நில வகைகள். பனியுக மண் அடுக்குகளில் மீண்டும் மீண்டும் கிடைக்கும் மகரந்தமும் இதே ஆர்ட்டிமீசியாவினுடையதுதான். அதாவது, மாமூத் மேய்ந்த நிலத்தின் ஒரு கிழிசல் துண்டு இன்னும் அங்கே பூத்துக்கொண்டிருக்கிறது.

மாமூத்தும் அங்கேதான் கடைசிவரை இருந்தது. பனி உருகி, கடல் ஏறி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ரேங்கல் தீவானது. பெருநிலத்தில் ஈரம் கூடி, புல்வெளி நைந்து பாசியும் சதுப்பும் பரவின. மாமூத்துகள் ஏறக்குறைய அதே காலத்தில் மறைந்தன. ஆனால் இந்த மலைத் தீவில் சிக்கிக்கொண்ட சில மட்டும் பிழைத்தன. 1993இல் ரஷ்ய ஆய்வாளர்கள் ரேங்கலில் கிடைத்த மாமூத் பற்களின் வயதை வெளியிட்டபோது ஆய்வுலகம் திகைத்தது. கடைசி மாமூத்துகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே வாழ்ந்திருக்கின்றன. எகிப்தின் கீசா பிரமிடுகள் அதற்கு முன்பே கட்டி முடிக்கப்பட்டுவிட்டன. 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு, தீவு பிரிந்தபோது தங்கிய கூட்டம் எட்டு விலங்குகள் அளவுக்குச் சுருங்கியிருக்கலாம் என்றும், பிறகு 200, 300 என்று பெருகி 6,000 ஆண்டுகள் நீடித்தது என்றும் காட்டுகிறது. அவ்வளவு பெரிய விலங்குக்கு 6,000 ஆண்டுகள் தீனி போட்ட செடிகளின் வாரிசுகளைத்தான் இன்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தீவின் தென்கரையில் கிடைத்த மனிதக் குடியிருப்பின் தடயம் சுமார் 3,600 ஆண்டுகள் பழமையானது. அங்கே கடல் விலங்குகளை வேட்டையாடியதற்குச் சான்று உண்டு. மாமூத் எலும்பு இல்லை.

இப்போது ஸ்வால்பார்டுக்குத் திரும்பலாம். அது கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. அங்குள்ள செடிகளில் ஏறக்குறைய எல்லாமே பனி விலகியபின் கடல் கடந்து வந்து குடியேறியவை. நார்வேயின் இங்கர் அல்சோஸும் குழுவினரும் 2007இல், ஸ்வால்பார்டின் ஒன்பது செடியினங்களின் மரபணுவைச் சுற்றியுள்ள நிலங்களில் வளரும் அதே இனங்களோடு ஒப்பிட்டனர். விதைகள் ஒருமுறை அல்ல, பலமுறை, பல திசைகளிலிருந்து வந்திருக்கின்றன. அதிகம் வந்த திசை வடமேற்கு ரஷ்யா. காற்று, பறவை, சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளிய மரக்கட்டைகள், மிதக்கும் கடற்பனி என எல்லாமே விதை சுமந்த வண்டிகள். ஆக, தூரம் அங்கே பெரிய தடையாக இருக்கவில்லை. வந்திறங்கிய இடத்தில் கால் ஊன்ற முடிந்ததா என்பதுதான் வடிகட்டியாக இருந்தது. குளிர் தாங்காதவை முளைத்தும் நிலைக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ரேங்கலின் தனித்தன்மை புரிகிறது. ஸ்வால்பார்ட் ஒவ்வொரு செடியாகச் சம்பாதித்தது. ரேங்கலுக்கு அது பூர்வீகச் சொத்து. ஆசியச் செடிகளும் அமெரிக்கச் செடிகளும் நடந்து வந்து சேரும் சந்திப்பில் அது இருந்தது. பனி அதை வழித்தெடுக்கவில்லை. கடல் சூழ்ந்தபின் தனிமையில் புதிய இனங்கள் கிளைத்தன. வேறெங்கும் இல்லாத 23 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இந்த மூன்றும் உள்ளன. ஸ்வால்பார்டில் ஒரு செடி அழிந்தால், ரஷ்யாவிலிருந்து அதன் விதை மறுபடி மிதந்து வர வாய்ப்பு உண்டு. ரேங்கலின் ஓரிடத் தாவரம் அழிந்தால் அனுப்பிவைக்க வேறு நிலம் இல்லை.

இந்தத் தீவை வெளியுலகம் அறிந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடக்கே மலைகள் தெரிகின்றன என்று சுகோட்காவின் பூர்வகுடிகளான சுக்சி மக்கள் சொன்னதைக் கேட்டு, 1820களில் ஃபெர்டினண்ட் ரேங்கல் என்ற ரஷ்யக் கடற்படை அதிகாரி பனிமேல் சென்று தேடினார், கிடைக்கவில்லை. 1867இல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் தாமஸ் லாங் தீவைக் கண்டு, தேடியவரின் பெயரையே அதற்கு வைத்தார். 1881 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தாமஸ் கார்வின் என்ற கப்பல் கரைசேர்ந்தது. அதில் வந்தவர்களில் ஜான் மியூரும் ஒருவர். கலிஃபோர்னியக் காடுகளுக்காகப் பிற்காலத்தில் போராடிப் புகழ்பெற்ற அதே மியூர்தான். கரையில் இருந்த கொஞ்ச நேரத்தில் செடிகளைப் பறித்துச் சேர்த்தார். ரேங்கல் தாவரங்களின் தொடக்கக் காலப் பட்டியல் அப்படித்தான் உருவானது. அவர் இறங்கிய இடம் கடலோரக் களிப்பாறை நிலம். அதை மட்டும் பார்த்தவர் யாரும் இத்தீவை வெறும் பொட்டல் என்றே முடிவு கட்டியிருப்பார். உட்பள்ளத்தாக்கின் செல்வம் கடலிலிருந்து தெரியாது.

1926இல் கியார்கி உஷாகோவின் தலைமையில் சோவியத் குடியிருப்பு ஏற்பட்டது. 1938இல் போரிஸ் கொரோட்கோவ் மண்ணையும் செடிகளையும் முறையாக ஆராய்ந்தார். பிறகு பெத்ரோவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் பல கோடைகள் தீவின் மூலைமுடுக்கெல்லாம் அலைந்து பட்டியலை நூற்றுக்கணக்கில் பெருக்கினார். உஷாகோவின் பெயரையும் கொரோட்கோவின் பெயரையும் இன்று இரண்டு பாப்பி இனங்கள் தாங்கி நிற்கின்றன. 1976இல் தீவு முழுவதும் இயற்கைக் காப்பகமானது.

செடிகளின் கணக்கை விலங்குகளை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆசியாவில் வெண்பனி வாத்துகள் பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் ஒரே இடம் ரேங்கல்தான். குளிர்காலத்தை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கழித்துவிட்டு வரும் இந்த வாத்துகள், தூந்திரா பச்சையாவதற்கு முன்பே வந்து கோரையின் அடித்தண்டுகளைத் தோண்டித் தின்கின்றன. வாத்து முட்டைகளுக்கு எதிரி ஆர்க்டிக் நரி. நரியை அண்டவிடாத பறவை பனி ஆந்தை. ஆகவே வாத்துகள் ஆந்தையின் கூட்டைச் சுற்றிலும் தங்கள் கூடுகளை அமைக்கின்றன. ஆந்தை அந்த ஆண்டு கூடுகட்டுமா என்பது லெம்மிங் எலிகள் பெருகியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. லெம்மிங் பெருகுமா என்பது பனிக்கடியில் அதற்குக் கோரையும் வில்லோவும் கிடைப்பதைப் பொறுத்தது. ஆந்தைகள் ஆண்டாண்டாக அமரும் மேடுகள் அவற்றின் எச்சத்தால் உரமேறி, சுற்றிலும் உள்ள மங்கிய தூந்திராவில் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். மனிதர் கொண்டுவந்த விலங்குகளும் உண்டு: 1948இல் துருவ மான்கள், 1975இல் அலாஸ்காவின் நுனிவாக் தீவிலிருந்து 20 கஸ்தூரி எருதுகள். கஸ்தூரி எருது பனியுகத்தில் இந்நிலத்தில் மேய்ந்த விலங்குதான். ஆனால் மானும் எருதும் குதிரையும் மாமூத்தும் சேர்ந்து மேய்ந்த நிலத்தை ஓரிரு விலங்குகளை வைத்து மீட்டுவிட முடியும் என்று நினைப்பது அவசரம் என்றே எனக்குப் படுகிறது.

ஆர்க்டிக் 1979க்குப் பின் உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. தூந்திராவின் பல பகுதிகளில் புதர்கள் உயர்ந்து பரவுகின்றன. அவற்றின் நிழலில் லைக்கன்களும் தரையோடு கிடக்கும் திண்டுச் செடிகளும் பின்வாங்குகின்றன. வேறு இடங்களில் குளிர்விரும்பிச் செடிகள் வடக்கே நகரலாம். ரேங்கலுக்கு வடக்கே கடல். மேலே ஏறலாம் என்றால் 1,096 மீட்டரோடு மலை முடிந்துவிடுகிறது. சுருங்கிவரும் கடற்பனியோடு விதைகளின் பழைய மிதவைப் பாதையும் குறைகிறது என்று 2016இல் அதே அல்சோஸ் குழு எச்சரித்தது.

பனி குறையக் குறையக் கப்பல்கள் கூடுகின்றன. லாங் நீரிணை ரஷ்யாவின் வடகடல் பாதையில் இருக்கிறது. கோடையின் இறுதியில் பயணிகள் கப்பல்களும் ரேங்கலுக்கு வருகின்றன. 2008 கோடையில் ஸ்வால்பார்டில் விமானத்திலிருந்து இறங்கிய 259 பயணிகளின் காலணிகளைச் சுரண்டி ஆராய்ந்தபோது 1,019 விதைகள் கிடைத்தன. ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு. ஆர்க்டிக் கோடையை ஒத்த சூழலில் வைத்துப் பார்த்ததில் அவற்றில் நான்கில் ஒரு பங்கு முளைத்தது. ஸ்வால்பார்டின் பாரென்ட்ஸ்பர்க் சுரங்கக் குடியிருப்பில், பழைய மாட்டுக்கொட்டில்களைச் சுற்றி ஐரோப்பியக் களைகள் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ரேங்கலில் இறங்குபவர்களின் காலணிகளைக் கப்பலிலேயே தேய்த்துக் கழுவுவதும், சரக்குப் பெட்டிகளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவதும், குடியிருப்பைச் சுற்றிப் புதிதாக முளைப்பவற்றை ஆண்டுதோறும் பிடுங்குவதும் அதிகச் செலவில்லாத வேலைகள். பெத்ரோவ்ஸ்கி நடந்த அதே பள்ளத்தாக்குகளில் பட்டியலை மறுபடி எடுப்பதற்குத்தான் ஆளும் பணமும் வேண்டும். அந்த 23 செடிகளில் எது எங்கே குறைகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.